குயின் லத்தீஃபாவின் கலைவாழ்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

பாட வருகிற பெண்ணிடம், "நடிப்பு, வியாபாரம் என்று மனதை அலையவிடாதே, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று சொல்வது கலை இருக்கும் எல்லா ஊரிலும் பழக்கம். நானும் சில பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க ராப் பாடகியும் நடிகையுமான குயின் லத்தீஃபாவின் முப்பத்தைந்து ஆண்டுகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அவர் பொதுவாழ்வில் இருப்பவர், அதனால் பெயரோடு எழுதுகிறேன். குடும்பத்தார், நண்பர்கள், தொழில் கூட்டாளி ஆகியோரை உறவுமுறையால் மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் எந்த நேரத்தில் எந்த முடிவை எடுத்தார், அப்போது கையில் என்ன இருந்தது, அதனால் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பின்னணி: நியூவார்க், 1970 முதல் 1988 வரை

1970 மார்ச் 18 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் டேனா ஓவன்ஸ். அப்பா போலீஸ்காரர், அம்மா பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனவர். பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பையும் தொடர்ந்தார். அண்ணன் ஒருவர்.

எட்டு வயதில் பெயர்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டி 'லத்தீஃபா' என்ற அரபுப் பெயரைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டார். மென்மையானவள், அன்பானவள் என்று பொருள். முன்னால் இருக்கும் 'குயின்' அப்புறம் ராப் உலகத்துக்கு வந்தபோது சேர்ந்தது. அந்தக் காலத்தில் பெண் ராப்பர்கள் பலருக்கும் முன்னொட்டாக 'எம்.சி.' இருந்தது. அதைத் தள்ளிவைத்து அரசி என்று போட்டுக்கொள்ள ஒரு துணிவு வேண்டும். எல்லாப் பெண்களும் அரசிகள்தான் என்ற எண்ணத்தோடு அம்மா தன்னை வளர்த்ததுதான் அதற்குக் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு சொல் அவர் தொழிலில் எவ்வளவு வேலை செய்தது என்பது பின்னால் தெரியவரும்.

பள்ளியில் கூடைப்பந்து ஆடினார். தோழிகளோடு சேர்ந்து பாடிய குழுவில் பீட்பாக்ஸ் செய்தார், அதாவது வாயாலேயே தாளம் போடுவது. நியூ ஜெர்சிக்கும் ஹிப்-ஹாப் பிறந்த நியூயார்க்குக்கும் நடுவில் ஹட்சன் ஆறு மட்டும்தான். உள்ளூர் டி.ஜே. ஒருவரைச் சுற்றி 'ஃப்ளேவர் யூனிட்' என்ற ராப் கூட்டம் உருவானது. அதில் இவரும் ஒருவர். அங்கே பதிவு செய்த டெமோ, அதாவது மாதிரிப் பாட்டு, நியூயார்க்கில் சரியான ஆட்களின் காதுக்குப் போய், டாமி பாய் என்ற இசை நிறுவனத்தில் ஒப்பந்தமானார். 1988-இல் முதல் தனிப்பாட்டு வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது.

முதல் ஆல்பமும் முதல் முடிவுகளும் (1989–1991)

1989 நவம்பரில் 'ஆல் ஹெய்ல் தி குயின்' வெளியானது. அதில் பிரிட்டிஷ் ராப்பர் மோனி லவ்வுடன் சேர்ந்து பாடிய 'லேடீஸ் ஃபர்ஸ்ட்' பாட்டின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். தரையில் தென்னாப்பிரிக்க வரைபடம் விரிந்து கிடக்கிறது. ராணுவச் சாயலில் உடுத்திய லத்தீஃபா அதைச் சுற்றி நடக்கிறார். வரைபடத்தின் மேல் நிற்கும் வெள்ளையர் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூடிய கறுப்பு முஷ்டிகளை வைக்கிறார். இடையிடையே ஹாரியட் டப்மன், சோஜர்னர் ட்ரூத் போன்ற கறுப்பினப் பெண் போராளிகளின் படங்கள் வந்துபோகின்றன. நெல்சன் மண்டேலா அப்போது இன்னும் சிறையில் இருந்தார். பத்தொன்பது வயதுப் பெண்ணின் முதல் ஆல்பம் இது.

இங்கே கவனிக்க வேண்டியது தோற்றம். ஆப்பிரிக்கத் தலைப்பாகை அல்லது கிரீடம், உடலை மூடிய மேலங்கி, நிமிர்ந்த நடை. உடலைக் காட்டித்தான் கவனம் பெற வேண்டும் என்ற நெருக்கடிக்கு அவர் முதல் நாளிலிருந்தே இடம் கொடுக்கவில்லை. ஒல்லியான உடல்வாகும் இல்லை. ஆரம்பத்தில் எடுத்த இந்த ஒரு முடிவுதான், நாற்பது, ஐம்பது வயதிலும் அவரைத் திரையில் வைத்திருந்தது என்று நினைக்கிறேன். இளமையை முதலீடாகப் போடாதவருக்கு இளமை போனதும் எதுவும் குறைந்துவிடவில்லை.

இரண்டாவது முடிவு பணம் பற்றியது. முதல் வருமானம் வந்ததும் தான் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வீடியோ வாடகைக் கடையிலும் சாண்ட்விச் விற்கும் உணவுக் கடையிலும் போட்டார். சின்னக் கடைகள்தான், ஆனாலும் பாட்டுக்கு வெளியே பணம் எப்படி நகர்கிறது என்று அங்கே கற்றுக்கொண்டார். பிறகு பள்ளிக்கால நண்பர் ஒருவரோடு சேர்ந்து 'ஃப்ளேவர் யூனிட்' பெயரிலேயே கலைஞர்களை நிர்வகிக்கும் நிறுவனம் தொடங்கினார். 'நாட்டி பை நேச்சர்' ராப் குழு வெளியே தெரிய வந்ததில் இவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. தன் பாட்டு ஓடாவிட்டாலும் இன்னொருவர் பாட்டு ஓடினால் வருமானம் வரும்.

1991-இல் வந்த இரண்டாவது ஆல்பம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. டாமி பாயுடனான உறவும் அதோடு முடிந்தது. அதே ஆண்டில்தான் சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள் தொடங்குகின்றன. ஒரு படத்தில் உணவகப் பணிப்பெண்ணாக ஓரிரு நிமிடம் வருகிறார். பெரிய வேடம் கேட்டுக் காத்திருக்கவில்லை; கிடைத்ததைச் செய்தார்.

1992

இதைத் தனித் தலைப்பாகவே போட வேண்டியிருக்கிறது.

போலீஸ்காரரான அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அந்த வண்டி லத்தீஃபா ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தத் துயரத்தையும் அதிலிருந்து மீளப் பட்ட பாட்டையும் பிறகு பல பேட்டிகளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

அந்த மோட்டார் சைக்கிளின் சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் தொடங்கிய டி.வி. நகைச்சுவைத் தொடரில் அந்தச் சாவி அவர் கழுத்தில் தொங்குவதைப் பார்க்கலாம். பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டிருக்கும் காட்சியில், சட்டைக்கு மேலே, ஒரு சாதாரண வண்டிச் சாவி. விஷயம் தெரிந்த பிறகு அந்தத் தொடரை முன்பு மாதிரிப் பார்க்க எனக்கு முடியவில்லை.

அம்மாவும் மகளும் அண்ணன் பெயரில் கல்வி உதவித்தொகை அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள்.

1993: ஒரே வருடத்தில் இரண்டு

துக்கத்தோடு ஸ்டூடியோவுக்குத் திரும்பி, மோடவுன் நிறுவனத்துக்காக 'பிளாக் ரெய்ன்' ஆல்பத்தை முடித்தார். அண்ணனுக்கு அர்ப்பணித்த ஆல்பம். அதில் இருந்ததுதான் 'யூனிட்டி' பாட்டு. தெருவில் பெண்களைக் கேவலமாகக் கூப்பிடுவது, உடலில் கை வைப்பது, வீட்டில் அடிப்பது என்று ஒவ்வொன்றையும் நேருக்கு நேர் கேட்கிற பாட்டு. ஹிப்-ஹாப்பிலேயே பெண்களை வசைச்சொல்லால் குறிப்பது சாதாரணமாகிவிட்ட காலம் அது. வெளியிலிருந்து ஹிப்-ஹாப்பைத் திட்டியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். இவர் உள்ளே இருந்துகொண்டு, அதே இசையில், அதே தெருமொழியில் கேட்டார். அதனால்தான் அது உறைத்தது. ஆல்பம் கோல்டு சான்றிதழ் (அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கானது) பெற்றது. பாட்டுக்கு 1995-இல் சிறந்த ராப் தனிப்பாடலுக்கான கிராமி இசை விருது கிடைத்தது.

அதே 1993-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'லிவிங் சிங்கிள்' தொடங்கியது. புரூக்ளினில் வாழும் கறுப்பின இளைஞர்கள் ஆறு பேரின் கதை. லத்தீஃபாவுக்குச் சொந்தமாகப் பத்திரிகை நடத்தும் பெண் வேடம். தொடரின் தலைப்புப் பாட்டையும் அவரே பாடினார். ஐந்து சீசன், 1998 ஜனவரி வரை ஓடியது. நகரத்து நண்பர் கூட்டத்தைப் பற்றி உலகமே அறிந்த 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் இதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இந்த முடிவுக்கு ஆபத்தும் இருந்தது. ராப்பர் ஒருவர் வாராவாரம் நகைச்சுவைத் தொடரில் வந்தால் தெருவில் அவருக்கிருக்கும் மதிப்பு குறையும் என்ற பயம் அன்றைக்கு உண்மையானது. லத்தீஃபா இரண்டையும் ஒரே வருடத்தில் வைத்துக்கொண்டதால் அந்தப் பயம் வேலை செய்யவில்லை. வீட்டு வரவேற்பறையில் சிரிக்க வைத்த அதே பெண்தான் ரேடியோவில் 'யூனிட்டி'யில் கோபமாகக் கேள்வி கேட்டார். ஒன்று மற்றொன்றைத் தாங்கியது.

1996: கைக்குள் இருந்ததைப் பணயம் வைத்தது

குடும்பத்தோடு பார்க்கும் தொடரின் நாயகியாக இருந்தபோதே 'செட் இட் ஆஃப்' படத்தில் வங்கிக் கொள்ளைக்காரியாக நடித்தார். க்ளியோ என்ற அந்தப் பாத்திரம் இன்னொரு பெண்ணைக் காதலிப்பவள், முரடி, கடைசியில் போலீஸ் குண்டுக்கு இரையாகிறவள். 1996-இல் ஒரு டி.வி. நட்சத்திரம் இப்படிப்பட்ட வேடத்தை ஏற்பது சின்ன விஷயமில்லை. வேடத்துக்கும் சொந்த வாழ்க்கைக்கும் முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் கேள்வி கேட்டன. அவர் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

ஆனால் இந்தப் படம்தான் அவரை 'நடிக்கவும் செய்கிற ராப்பர்' என்ற நிலையிலிருந்து நடிகை என்ற இடத்துக்கு நகர்த்தியது. 1998-இல் 'லிவிங் அவுட் லவுட்' படத்தில் ஜாஸ் பாடகி வேடம் வந்தது. அதில் பழைய ஜாஸ் பாட்டுகளை முழுக்குரலில் பாடினார். ராப்பில் மட்டும் கேட்டவர்களுக்கு இவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இடையில் கஷ்டங்களும் இருந்தன. 1995-இல் நியூயார்க்கில் காரைப் பறிக்க வந்தவர்கள் உடனிருந்த நண்பரைச் சுட்டார்கள், அவர் பிழைத்தார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் காரில் துப்பாக்கியும் கஞ்சாவும் வைத்திருந்ததாக லத்தீஃபா கைதானார். இதை மறைத்துவிட்டு எழுதினால் ஏறுமுகமாகவே போன கதை மாதிரி ஆகிவிடும். அப்படிப் போகவில்லை.

'சிகாகோ' (2002) மற்றும் அதற்குப் பிறகு

1999 முதல் 2001 வரை தன் பெயரிலேயே பகல்நேர டி.வி. பேட்டி நிகழ்ச்சி நடத்தினார். இரண்டு சீசனோடு நின்றது. அடுத்து வந்ததுதான் 'சிகாகோ'.

1920-களின் சிகாகோ நகரச் சிறை. அங்கே பெண் கைதிகளிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு சலுகை தரும் மேற்பார்வையாளர் 'மாமா' மார்ட்டன் (ஆங்கிலத்தில் அம்மாவைக் கூப்பிடும் சொல்) வேடம். கதை நடக்கும் இடத்தில் இறுக்கமான சீருடை. பாட்டு தொடங்கியதும் அதே பெண் மினுமினுக்கும் கவுனில், இறகு விசிறியோடு, மேடையில் நிற்கிறாள். அவர் ஆடுவது கொஞ்சம்தான். நிற்கிற விதத்திலேயே அந்த இடம் முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று காட்டிவிடுகிறார். ராப் கற்றுக்கொடுத்த நிலை அது. கையில் மைக், எதிரே கூட்டம், அசையாத கால்.

2003-இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை வந்தது. ஹிப்-ஹாப்பிலிருந்து வந்த பெண் ஒருவருக்கு நடிப்புக்காக அந்தப் பரிந்துரை கிடைத்தது அதுவே முதல் முறை. விருது அதே படத்தில் நடித்த கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸுக்குப் போனது. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த ஜீட்டா-ஜோன்ஸும் லத்தீஃபாவும் அதே இரவில் மேடையில் சேர்ந்து பாடினார்கள்.

பரிந்துரை கிடைத்த சூட்டோடு 2003-இல் வந்த நகைச்சுவைப் படம் 'பிரிங்கிங் டவுன் தி ஹவுஸ்'. அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூல். நிர்வாகத் தயாரிப்பாளர் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய வார்ப்புகளை வைத்துச் சிரிக்க வைத்த படம் என்று அதற்குக் கடுமையான விமர்சனம் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் தயாரிப்பில் கால் ஊன்றிய பிறகு அவர் தேர்ந்தெடுத்த கதைகள் மாறின என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2004-இல் ஜாஸ், சோல் பாட்டுகளோடு ஆல்பம் வெளியிட்டார். அதற்கு வைத்த பெயர் 'தி டேனா ஓவன்ஸ் ஆல்பம்'. பெற்றோர் வைத்த பெயரை முதல் முறையாக அட்டையில் கொண்டுவந்தார். ராப் ரசிகர்களை ஏமாற்றவில்லை, புது ரசிகர்களிடம் வேஷமும் போடவில்லை. இது வேறு குரல், வேறு பெயர், ஆனால் ஆள் ஒன்றுதான் என்று நேராகச் சொல்லிவிட்டார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

அழகுசாதன விளம்பரத்திலும் இதே சிந்தனை. கவர்கேர்ல் நிறுவனத்தின் முகமாக இருந்தவர், 2006-இல் கறுப்பு, மாநிறத் தோலுக்கேற்ற 'குயின் கலெக்‌ஷன்' வரிசைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். பதினெட்டு வயதில் போட்டுக்கொண்ட சொல் இங்கே பொருளின் பெயராகவே ஆனது.

2007-இல் எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் பெண்ணாக எச்.பி.ஓ. தொலைக்காட்சியின் 'லைஃப் சப்போர்ட்' படத்தில் நடித்தார். கோல்டன் குளோப், நடிகர் சங்க விருது இரண்டும் கிடைத்தன. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 2008 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவே நடக்கவில்லை. பத்திரிகையாளர் சந்திப்பில் பெயர்களை வாசித்ததோடு சரி.

அப்புறம் 'பெஸ்ஸி'. 1920-களின் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் வாழ்க்கை. இந்த வேடம் பற்றிய பேச்சு முதலில் லத்தீஃபாவிடம் வந்தது இருபது வருடங்களுக்கு முன்பு. அப்போது நடக்கவில்லை. 2015-இல் படம் வந்தபோது அவர் நாயகி மட்டுமில்லை, நிர்வாகத் தயாரிப்பாளரும்கூட. சிறந்த தொலைக்காட்சிப் படத்துக்கான எம்மி விருது கிடைத்ததால், தயாரிப்பாளர் என்ற முறையில் அந்த விருது அவர் கைக்கும் வந்தது. இருபது வருடம் ஒரு பாத்திரத்தை மனதில் வைத்திருந்து, அதைத் தானே தயாரிக்கும் வலிமை வந்தபோது செய்தார்.

2021 பிப்ரவரியில், ஐம்பது வயதில், சி.பி.எஸ்.-இல் 'தி ஈக்வலைசர்' அதிரடித் தொடரின் நாயகி. முன்பு ஆண்களே செய்துவந்த வேடம் அது. இங்கேயும் நிர்வாகத் தயாரிப்பில் பங்கு. ஐந்து சீசன் ஓடி 2025-இல் முடிந்தது.

கிடைத்த மரியாதைகள்

2006-இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கப்பட்ட முதல் ஹிப்-ஹாப் கலைஞர் அவர். 2023 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 'ஆல் ஹெய்ல் தி குயின்' ஆல்பத்தைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் பெண் ராப்பர். அதே ஆண்டு டிசம்பரில் வாஷிங்டனில், கலைக்கு வாழ்நாள் பங்களிப்புக்காக வழங்கும் கென்னடி சென்டர் கௌரவம். பெண் ராப்பர் ஒருவருக்கு அதுவும் முதல் முறை. அன்று அவரோடு கௌரவிக்கப்பட்டவர்களில் ஓபரா பாடகி ரெனே ஃப்ளெமிங்கும், சிறுவயதில் லத்தீஃபா ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறையின் பாடகி டியோன் வார்விக்கும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே விழாவை லத்தீஃபாவே தொகுத்து வழங்கினார்.

அரசி என்று வளர்த்த அம்மா 2018-இல் இதய நோயால் இறந்துவிட்டார். கென்னடி சென்டர் விழாவைப் பார்க்க அவர் இல்லை.

எதை வேறு மாதிரி செய்திருக்கலாம்

மூன்று இடங்களில் என் கருத்து அவர் எடுத்த வழியிலிருந்து மாறுபடுகிறது.

முதலாவது, 1992-க்குப் பிந்தைய மாதங்கள். அண்ணன் இறந்த அடுத்த வருடமே ஆல்பம், தொடர் என்று இரண்டும் ஓடின. வேலை அவரைத் தாங்கியிருக்கலாம். ஆனாலும் இளம் கலைஞர் ஒருவரை நிர்வகிப்பவர் யாராக இருந்தாலும், அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்க வேண்டும். துக்கத்துக்குத் தேதி ஒதுக்க முடியாது. படப்பிடிப்புத் தேதியை மாற்ற முடியும்.

இரண்டாவது, பேட்டி நிகழ்ச்சி. முதல் முறை இரண்டு சீசனில் நின்ற பிறகு, 2013-இல் மறுபடியும் தொடங்கி, அதுவும் 2015-இல் முடிந்தது. பாத்திரத்துக்குள் போகும்போது வரும் அவருடைய பலம், தினமும் ஒரு மணி நேரம் வேடமில்லாமல் தானாகவே உட்கார்ந்து பேசும்போது முழுதாக வெளிப்படவில்லை என்பது என் கணிப்பு. அந்த வருடங்களில் இன்னும் ஒரு 'பெஸ்ஸி' செய்திருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 1998-இல் வந்த ராப் ஆல்பத்துக்குப் பிறகு அவருடைய அடுத்த ஹிப்-ஹாப் ஆல்பம் வந்தது 2009-இல். பதினோரு வருடம். ஜாஸ் பாடினார், நடித்தார், தயாரித்தார், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பதினோரு வருடத்தில் ராப்புக்குள் வந்த பெண்களுக்கு முன்னால் நின்று 'யூனிட்டி' மாதிரி இன்னொன்றைப் பாட அவரைப் போல் இன்னொருவர் இல்லை. 2023-இல் நாட்டின் நூலகம் பாதுகாக்க எடுத்துக்கொண்டது, தரையில் விரித்த வரைபடத்தைச் சுற்றி நடந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் ராப் ஆல்பத்தைத்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷத்தோடு சேர்ந்து, அந்த இடைவெளியும் எனக்கு வலித்தது.